கதிரவேலுவின் சால்வையில் புழு

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிறந்தது ஒரு கலியாண மண்டபத்தில், என் மானம் போன நாளில்.

முன் கதிரையில் இருந்த அம்மாவின் தோளில் ஒரு குளவி. நல்ல மஞ்சள் குளவி. கொட்டப்போகிறதே என்று, கையிலிருந்த அழைப்பிதழை மடித்து ஒரு தட்டுத் தட்டினேன். குளவி போகவில்லை. இன்னொரு தட்டு, கொஞ்சம் பலமாக. அந்த அம்மா திரும்பினார். அவருடைய கணவர் திரும்பினார். பிறகு வரிசையே திரும்பிப் பார்த்தது. குளவி சேலையில் அச்சடித்த குளவி. தலைப்பிலே இன்னும் நாற்பது குளவிகள் வரிசையாக இருந்தன. நான் ஒன்றைத்தான் கண்டிருக்கிறேன்.

என் மனைவி மகாதேவி மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு, "இஞ்சேருங்கோ, பூச்சியைக் கொண்டுபோய்ச் சீலையிலை போடவேணுமெண்டு முதன்முதல் ஆருக்குத்தான் யோசினை வந்தது?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதுவதுதானே என் தொழில் என்று எழுத உட்கார்ந்தேன்.

2

தொடக்கங்கள் இப்படி வந்தன:

"பனைகளுக்குப் பின்னால் சூரியன் மெல்ல—" வேண்டாம். யாழ்ப்பாணத்துக் கதை என்றால் சூரியன் பனைக்குப் பின்னால்தான் எழும்ப வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

"வினிபிரட் என்ற அந்த இளம்பெண்ணின் கண்களில் ஏதோ ஒரு—" இதுவும் வேண்டாம். அவளுடைய கண்களில் ஏதோ ஒன்றும் இல்லை. அவள் ஒரு செத்த புழுவின் கால்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அட, இது நல்லாயிருக்கிறதே. இதிலிருந்தே பிடிக்கிறேன்.

3

வினிபிரட் ஒரு செத்த புழுவின் கால்களை எண்ணிக்கொண்டிருந்தாள். முன்னால் ஆறு, நடுவில் எட்டு, வாலில் இரண்டு. பதினாறு. நம்பிக்கையில்லாமல் வாலிலிருந்து தொடங்கி இன்னொரு முறை எண்ணினாள். அப்போதும் பதினாறுதான்.

அவளுக்கு இருபத்தாறு வயது. இணுவிலுக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பெண்கள் பாடசாலையில் தையலும், நூலால் ஓட்டை ஓட்டையாகப் பின்னுகிற ரேந்தையும் படிப்பிக்கிறாள். வருடம் 1936 என்று வைத்துக்கொள்ளுங்கள். (இரண்டு வருடம் முந்தினால் மலேரியாக் காய்ச்சல் கதைக்குள் வந்துவிடும்; நாலு வருடம் பிந்தினால் யுத்தம் வந்துவிடும். எனக்குச் சிரிக்கக்கூடிய ஒரு வருடம் வேண்டும்.)

புழுவைக் கொண்டுவந்து கொடுத்தவர் ஹெக்டர். பயிர்ப்பூச்சிகளைப் பார்க்கிற அரசாங்க உத்தியோகத்தர். தோட்டக்காரருக்குக் கொடுக்க ஒரு துண்டுப்பிரசுரம் அச்சடிக்க வேண்டும், அதிலே புகையிலை தின்னும் புழுவின் சரித்திரம் முழுக்கப் படமாக வரவேண்டும், முட்டை, புழு, கூடு, அந்துப்பூச்சி என்று. நாலு போத்தல்களை வரிசையாக மேசையில் வைத்தார். உள்ளே சாராயம் மாதிரி மணக்கிற ஏதோ ஒன்றில் எல்லாம் ஊறிக் கிடந்தன.

"மிஸ் வினிபிரட், உள்ளது உள்ளபடி கீறவேணும்" என்றார்.

அவள் உள்ளது உள்ளபடி கீறினாள். புழுவின் பக்கவாட்டில் மூச்சுவிடுகிற துளைகளைக்கூட விடவில்லை. முட்டைகள் இலையின் கீழ்ப்பக்கத்தில் கூட்டமாக இருந்தன. தாய் அந்து தன் வயிற்று மயிரை உதிர்த்து அவற்றின் மேல் மண்ணிறப் போர்வை ஒன்று போட்டிருந்தது. அந்த மயிரை ஒற்றைமயிர்த் தூரிகையால் மூன்று நாள் இருந்து போட்டாள். புழுவுக்கு என்ன நிறம்? போத்தலில் இருந்த நிறம்தான். ஊறப்போட்ட கடலையின் நிறம்.

(இந்த இடத்தில் இணுவில் வாசகர் ஒருவர் சிரிக்கத் தொடங்கியிருப்பார். கொஞ்சம் பொறுங்கள், ஐயா. உங்களுக்கு முன்னால் சிரிக்க ஒருவர் இருக்கிறார்.)

4

அவர் பெயர் கதிரவேலு. ஊரிலே அவருடைய புகையிலைக்கு ஒரு மதிப்பு இருந்தது. அவருடைய வாய்க்கு அதைவிட மதிப்பு இருந்தது. வாசிகசாலையில் ஹெக்டர் துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்த அன்று, அவர் அதைக் கை எட்டிய தூரத்துக்கு நீட்டிப் பிடித்துப் பார்த்தார். வெள்ளெழுத்து, ஆனால் கண்ணாடி போட மாட்டார்.

"பிள்ளை, நீயோ உதைக் கீறினது?" என்று ஹெக்டருக்குப் பக்கத்தில் நின்ற வினிபிரட்டைக் கேட்டார்.

"ஓம்."

"வடிவாக் கிடக்கு. கால் எல்லாம் கணக்காக் கிடக்கு. ஆனா ஆள் ஆர்?"

வாசிகசாலை குலுங்கியது. பக்கத்துத் தோட்டக்காரர் தம்பிராசா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணை, உது வெள்ளைக்காரப் புழுவாக்கும். கப்பலிலை வந்திருக்கும்" என்றார். எங்கடை ஊர்ப் புழு பச்சை, நாங்கள் விடிய விடியப் பிடிக்கிறம், எங்களுக்குப் புழுவைக் காட்ட ஒரு ரேந்தை ரீச்சரோ என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். முட்டைப் படத்தை ஒருவரும் பார்க்கவே இல்லை. பார்த்த ஒருவரும், "உது மண். தண்ணி இறைக்கேக்கை இலையிலை மண் தெறிக்கிறது தெரியாதோ?" என்று மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

வினிபிரட்டுக்கு அழுகை வந்தது. வீடு வந்து சேரும்வரை அழவில்லை, அவ்வளவுதான். தூரிகைகளைக் கழுவி, துணியில் சுற்றி, பெட்டியின் அடியில் வைத்தாள்.

5

ஹெக்டரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. முதல் பிரதியில் அவரை வில்லனாக எழுதினேன். மீசை எல்லாம் வைத்தேன். சரிவரவில்லை. அடுத்த பிரதியில் அவருக்கும் வினிபிரட்டுக்கும் காதல் என்று எழுதினேன்; அது இன்னும் மோசம். இரண்டு பேரும் நாலு பக்கம் கதைத்தார்கள், நாலு பக்கமும் முட்டையைப் பற்றி.

[மகாதேவி ஓரத்தில் பென்சிலால் எழுதியது: "காதல் இருக்கட்டும். அந்தப் பிள்ளைக்கும் ஒருத்தர் வேணும்தானே." — வேண்டுமென்றால் இருக்கட்டும். கதைக்கு வெளியே வைத்துக்கொள்ளட்டும்.]

கடைசியில் உண்மையான ஹெக்டர் கிடைத்தது அவர் பாடசாலைக்கு வந்து நின்ற விதத்தில். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"போத்தலிலை போட்டால் நிறம் வெளுக்குமெண்டு எனக்குத் தெரியும், மிஸ். உங்களுக்குச் சொல்ல மறந்திட்டன்."

"நானும் கேக்கேல்லையே" என்றாள் வினிபிரட். "தோட்டம் அரை மைலிலை கிடக்கு. ஒருநாள் போய்ப் பாக்கவேணுமெண்டு எனக்கும் தோன்றேல்லை."

இரண்டாம் முறை அச்சடிக்க மேலிடம் சம்மதிக்காது என்றும் சொல்லிவிட்டுப் போனார். அவரை இனி நான் கரைச்சல்படுத்தவில்லை. நல்ல மனுஷன்; போத்தலில்தான் அவருக்குக் கொஞ்சம் கூடுதல் விருப்பம்.

6

இனித்தான் கதை. இதுவரை இருந்தது அதற்குக் கட்டின பந்தல்.

கதிரவேலுவின் மகள் குணலட்சுமி, வினிபிரட்டிடம் ரேந்தை பழகியவள். இப்போது வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குக் கைபிடித்துக் கொடுக்கிறாள். மாப்பிள்ளை மலாயாவில் கிளாக்கர். போன வருடமே கலியாணம் நடந்திருக்க வேண்டும். புழு வந்து புகையிலையைத் தின்றுவிட்டது, கலியாணம் தள்ளிப்போயிற்று. வருகிற வைகாசியில் மாப்பிள்ளை லீவில் வருகிறார். இதை விட்டால் இன்னும் ஐந்து வருடத்துக்கு லீவு இல்லை, அதுவரை காத்திருக்க மாப்பிள்ளை வீட்டாருக்கு மனமும் இல்லை. இந்த முறையும் புகையிலை போனால் கலியாணமும் போச்சு.

"முட்டையைப் பற்றி ஐயாட்டைச் சொன்னனான், ரீச்சர்" என்றாள் குணலட்சுமி. "உந்த வெள்ளைப் புழுக்காரி சொன்னதோ எண்டு கேக்கிறார்."

"நீ இலையைத் திருப்பிப் பாத்து முட்டையை எடுக்கலாமே?"

"நான் ஒருத்தி எத்தினை இலையைத் திருப்பிறது? எங்கடையை எடுத்தாலும் தம்பிராசா மாமான்ரை வேலிக்கு மேலாலை அந்து பறந்து வரும். எல்லாரும் எடுக்கவேணும். எல்லாரும் எடுக்கிறதெண்டால் முதல் நம்பவேணும்." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எனக்குப் பயமாக் கிடக்கு, ரீச்சர்."

அடுத்த நாள் விடியப்புறம் குணலட்சுமிக்குப் பின்னால் வினிபிரட் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கினாள்.

அப்போதுதான் அவள் அந்தப் புழுவை முதன்முதல் கண்டாள். நாள் கணக்காக அருகே வைத்துக் கீறிய ஒன்றை முதன்முதல் காண்பது என்றால் எப்படி இருக்கும் என்று நான் நாலு வாக்கியம் எழுதி நாலையும் வெட்டினேன். அவள் சொன்னதை மட்டும் விடுகிறேன்: "ஐயோ குணம், இது எவ்வளவு வடிவு."

பச்சை. சும்மா பச்சையல்ல, குருத்து இலைப் பச்சை. இரண்டு பக்கமும் மஞ்சள் கோடு, கோட்டின் மேல் ஒழுங்காகக் கறுப்புப் புள்ளிகள். தலையைத் தூக்கி, ஏதோ மறந்ததை யோசிக்கிறதுபோல ஆட்டியது. அது தின்ற இலை நரம்பு மட்டும் மிஞ்சி, ரேந்தைபோல வலை வலையாக நின்றது. புழுவும் தன்னைப் போலவே ஓட்டை போடுகிற தொழில்தான் செய்கிறது என்று வினிபிரட் நினைத்தாள். குணலட்சுமி அந்தப் புழுவைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து ஒரு நசி நசித்தாள். அந்தத் தோட்டங்களில் எல்லாக் கையும் அப்படித்தான் செய்யும். கண் கண்டவுடன் விரல் போய்விடும். (இதை ஞாபகம் வைத்திருங்கள். கேட்கிறேன்.)

"குணம், உன்ரை ஐயா படம் பாக்கமாட்டார். வேறை என்ன பாப்பார்?"

குணலட்சுமி யோசித்தாள். "ஒண்டும் பாக்கமாட்டார். ஆனா சால்வை கட்டுவார். தைப்பூசத்துக்குப் புதுச் சால்வை இல்லாமல் கோயிலுக்குப் போகமாட்டார். அவர் பாக்கத் தேவையில்லை, ரீச்சர். பின்னாலை நிக்கிறவை பாத்தால் போதும்."

ஆக, மகாதேவி, உன் கேள்விக்கு விடை இதுதான். பூச்சியைத் துணியில் போடுகிற யோசனை குணலட்சுமிக்கு வந்தது. (வேறு நாடுகளில் வேறு ஆட்களுக்கு முன்னமே வந்திருக்கும். அவர்கள் தங்கள் கதையை எழுதிக்கொள்ளட்டும்.)

7

வினிபிரட் பெட்டியின் அடியிலிருந்து தூரிகைகளை எடுத்தாள். இந்த முறை போத்தல் இல்லை. ஒரு புகையிலைக் கன்று பூச்சட்டியில் நின்றது, அதில் ஏழு புழுக்கள் தின்றுகொண்டிருந்தன. புழு அசைய அசையக் கீறுவது பெரிய பாடு. முதல் நாள் எல்லாப் படத்திலும் தலை வேறெங்கோ இருந்தது.

சால்வைக் கரைக்கு ஏற்றபடி உருவத்தை வளைக்க வேண்டியிருந்தது. இலை நீட்டுக்கு ஓடுகிற கொடியானது; அந்து சிறகை விரித்து முடிச்சானது; புழு ஒரு வளைவுக்கும் மறு வளைவுக்கும் பாலமானது. கால்களைப் பதினாறிலிருந்து எட்டாக்க மூன்று தரம் அழித்துக் கீறினாள். உள்ளதை உள்ளபடி கீறிப் பழகியவளுக்கு அது பொய் சொல்வதுபோல இருந்தது. ஆனால் கோட்டையும் புள்ளியையும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. முட்டைக் கூட்டத்தையும் விடவில்லை. இலையைத் திருப்பிக் காட்டி, கீழ்ப்பக்கத்தில் மண்ணிறக் கம்பளி நூலால் அதை மெத்தென்று தைக்கும்படி குறித்தாள்.

படத்தின் கோடு வழியே ஊசியால் துளையிட்ட காகிதத்தைச் சால்வையில் விரித்துக் கரித்தூள் தட்டினார்கள்; படம் துணியில் இறங்கியது. தைத்தது குணலட்சுமி. மார்கழி முழுக்கத் தைத்தாள். கதிரவேலு ஒருமுறை எட்டிப் பார்த்து, கை எட்டிய தூரத்தில் பிடித்து, "கொடிக்கரை. நல்ல வடிவு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

[மகாதேவி: "தகப்பனுக்குச் சொல்லாமல் செய்யிறது சரியோ?" — சரியில்லை. குணலட்சுமிக்கும் அது தெரியும். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை என்று எழுதியிருந்தேன். பிறகு, பசியோடு தைத்தால் புழு மெலிந்துவிடும் என்று வெட்டிவிட்டேன்.]

8

தைப்பூசம். இணுவில் கந்தசுவாமி கோயில் வெளிவீதி. சுவாமி வீதி சுற்றி வருகிறார்; ஆண்கள் சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பிள்ளை வினிபிரட், வறுத்த கச்சான் கடலை விற்கிற சின்னாச்சியின் கடகத்துக்குப் பக்கத்தில் நின்று, வேண்டாத கச்சானை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சுவாமி கிட்ட வந்ததும் எல்லாரும் கும்பிட்டுக் குனிந்தார்கள். கதிரவேலுவுக்கு நேர் பின்னால் தம்பிராசா. குனிந்த தம்பிராசாவின் மூக்குக்கு முன்னால் கதிரவேலுவின் இடுப்பு, இடுப்பிலே சால்வைக் கரை, கரையிலே புழு.

தம்பிராசா கண்ட புழுவை விட்டவரல்ல. பெருவிரலும் சுட்டுவிரலும் தாமாகவே போயின. பிடித்தார். புழு வரவில்லை. இழுத்தார். சால்வை வந்தது.

கதிரவேலு வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பினார். "என்ன காணும், சுவாமி வரேக்கை?"

"அசையாதையுங்கோ அண்ணை. புழு."

"எங்கை?"

"உங்கடை இடுப்பிலை. பிடிபடுகுதில்லை." தம்பிராசா விரல்களைப் பார்த்தார். பச்சைச் சாறு இல்லை. திரும்பக் குனிந்து, முகத்தைக் கரைக்கு நாலு விரல் தூரத்தில் கொண்டுபோனார். "அண்ணை, உது நூல். நூலிலை செய்து கிடக்கு. ஆனா உது எங்கடை புழு. அவன்ரை கோடு, அவன்ரை புள்ளி. அவன் தலை தூக்கிற மாதிரி."

சுவாமி நகர்ந்தார், நாலைந்து பேர் நகரவில்லை. அவர்களும் குனிந்து பார்த்தார்கள். கதிரவேலு நடுவில் கோபுரம்போல நிற்க, அவருடைய இடுப்பைச் சுற்றி ஊர்ப் புகையிலைக்காரர் எல்லாம் குனிந்து நின்ற அந்தக் காட்சியை நான் எழுதி முடித்துவிட்டு எழும்பி ஒரு தேத்தண்ணி குடித்தேன்.

"அந்து. உதுதான் விளக்கைச் சுத்தி வாறது" என்றார் ஒருவர்.

"அது சரி, இலைக்குக் கீழை உதென்ன? மண்ணோ?" என்றார் இன்னொருவர்.

"மண்ணை ஆர் மினக்கெட்டுத் தைப்பினம்?" என்றார் தம்பிராசா. "அண்ணை, உதென்ன?"

கதிரவேலு சால்வை முனையைக் கை எட்டிய தூரத்துக்கு நீட்டிப் பிடித்தார். தெரியவில்லை. தலையைப் பின்னால் இழுத்தார். அப்போதும் தெரியவில்லை. பெண்கள் பக்கம் பார்த்தார். குணலட்சுமி அங்கே நின்றாள். வினிபிரட்டின் கையில் கச்சான் சுருள் நசிந்தது.

"முட்டை, ஐயா" என்றாள் குணலட்சுமி. "மண்ணெண்டு நாங்கள் விடுறது முட்டை. ரீச்சர் அதைத்தான் சொன்னவ. போன வருசமும் அதுதான் எங்களை அழிச்சது."

கதிரவேலு மகளைப் பார்த்தார். கச்சான்காரிக்குப் பக்கத்தில் நின்ற வினிபிரட்டையும் பார்த்தார். சால்வையை மெதுவாக மடித்துத் திரும்ப இடுப்பில் கட்டினார். அதற்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று கேட்காதீர்கள். வினிபிரட்டுக்கு ஒரு வருடம்.

"முட்டைதான்" என்றார். "தெரியாமலோ கட்டிக்கொண்டு வந்தனான்? வாயைப் பிளந்துகொண்டு நிக்காமல் போய் இலையைத் திருப்பிப் பாருங்கோ."

அன்று மத்தியானம் வினிபிரட் வீட்டுக்குப் போகிற வழியில், தைப்பூசத்துப் புது வேட்டியோடு ஆட்கள் தோட்டங்களில் குனிந்து நிற்பதைக் கண்டாள். வேலிக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், எங்கும் இலை திரும்பிக்கொண்டிருந்தது. அவள் நடுவழியில் நின்று சத்தமாகச் சிரித்தாள். ரீச்சர்மார் தெருவில் அப்படிச் சிரிப்பதில்லை.

9

முடிவுகள்.

ஒன்று: கதிரவேலு சால்வையைக் கேணியில் எறிகிறார், கலியாணம் நின்றுபோகிறது. முதலில் இதைத்தான் எழுதினேன். எனக்கே அழுகை வந்தது, அதனால் நல்ல முடிவு என்று நினைத்தேன். மகாதேவி வாசித்துவிட்டு, "அந்தக் குளவிச் சீலை அம்மா உங்களை மன்னிச்சவ. இவருக்கு மட்டும் ஏன் மனம் வராது?" என்றாள். கிழித்துவிட்டேன்.

இன்னொன்று: அரசாங்கம் வினிபிரட்டுக்குப் பதக்கம் கொடுக்கிறது. பாதியில் எனக்குக் கொட்டாவி வந்தது.

பிறகு கலியாண வீட்டை எழுதினேன், பலகாரத்தோடு, மேளத்தோடு. நீங்கள் போகாத கலியாணமா? புகையிலை நின்றது, அந்த ஆண்டு இணுவிலில் இலை முழு இலையாகத்தான் வெட்டினார்கள். அதற்குமேல் உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை.

10

எனக்கு விருப்பமானது இது.

பங்குனியில் ஒரு நாள், வகுப்பு நடக்கும்போது கதிரவேலு பாடசாலைக்கு வந்தார். அதே சால்வைதான், இப்போது தோளில் கிடந்தது. உள்ளே வரவில்லை. யன்னலுக்கு வெளியே நின்று, மடியிலிருந்து ஒரு நெருப்புப்பெட்டியை எடுத்து யன்னல் படியில் வைத்தார்.

"பிள்ளை, இலை திருப்பேக்கை ஒரு பூச்சியைக் கண்டனான். உந்த முட்டையை ஒண்டொண்டாத் தின்னுது. இவ்வளவு காலமும் தோட்டத்திலை நிண்டிருக்கு, நான் காணேல்லை."

வினிபிரட் பெட்டியை எடுத்தாள். உள்ளே ஏதோ சுரண்டியது.

"வைகாசியிலை குணத்துக்குக் கலியாணம். மணவறைக்குப் பின்னாலை கட்டுற சீலைக்கு உதைக் கீறித் தா. புழு போதும்." சற்றுத் தூரம் போனவர் திரும்பி வந்தார். கண்ணாடி போடாத கண்களைச் சுருக்கிக்கொண்டு, "உயிரோடை கிடக்கு, பிள்ளை" என்றார். "போத்தலிலை போட்டிடாதை."

வினிபிரட் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஓம், ஐயா" என்று மட்டும் சொன்னாள்.

அவள் பெட்டியைத் திறக்கிற இடத்தில் நான் பேனையை மூடிவிட்டேன். உள்ளே இருப்பது என்ன பூச்சி, என்ன நிறம், எத்தனை புள்ளி, மணவறைச் சீலையில் அது எப்படி வளைந்தது, எல்லாம் எழுதலாம்தான். எழுதினால் அது என்னுடைய போத்தலுக்குள் கிடந்து வெளுத்துப்போகும்.

ஆகவே பெட்டியை உங்கள் பக்கம் தள்ளுகிறேன். இணுவிலுக்கே போக வேண்டும் என்றில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு கத்தரிக் கன்று நின்றாலும் போதும். செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். இலையின் கீழ்ப்பக்கத்தையும் பாருங்கள்.